சுட்டது யார் என்று கேட்பதற்கு முன்

நவீன அமெரிக்கப் புனைவில் பிணங்களுக்குப் பஞ்சமில்லை. விளக்கத்துக்குத்தான் பஞ்சம். கொன்றவர் யாரென்று தெரியும், வேண்டுமென்று கொன்றாரா என்று தெரியாது. ஆள் போய்விட்டாள் என்று தெரியும், செத்தாளா என்று தெரியாது. மாத நாவல்களின் கடைசி அத்தியாயத்தில் எல்லா முடிச்சும் அவிழ்ந்து பழகியவர்கள் நாம். இப்படி ஒரு கதையை வைத்துவிட்டுப் போனால், புத்தகத்தை மூடியதும் மனசு தீர்ப்பு எழுத உட்கார்ந்துவிடுகிறது. அந்த அவசரத்தைக் கொஞ்சம் ஒத்திப்போட்டு, எழுத்தாளர் எதைக் காட்டினார், எதைக் காட்டாமல் விட்டார் என்று பார்த்துக்கொண்டே போகும் குறிப்புகள் இவை.

*

ஹெமிங்வேயின் 'தி ஷார்ட் ஹேப்பி லைஃப் ஆஃப் ஃபிரான்சிஸ் மெக்கோம்பர்' 1936 செப்டம்பரில் காஸ்மோபாலிட்டன் இதழில் வந்தது. கிழக்கு ஆப்பிரிக்காவுக்கு வேட்டையாட வந்த பணக்காரத் தம்பதி. காயம்பட்ட சிங்கம் பாய்ந்து வரும்போது கணவன் பயந்து ஓடிவிடுகிறான். அன்றிரவு மனைவி மார்கோ, வேட்டை வழிகாட்டி வில்சனின் கூடாரத்துக்குப் போய் வருகிறாள். மறுநாள் எருமை வேட்டையில் மெக்கோம்பருக்கு எங்கிருந்தோ தைரியம் வருகிறது. பாய்ந்து வரும் எருமையை நின்று சுடுகிறான். காரில் இருந்த மார்கோவும் சுடுகிறாள். குண்டு கணவனின் பின்மண்டையில் பாய்கிறது.

எருமையைக் குறிவைத்தாளா, கணவனையா? பல ஆண்டுகள் விமர்சகர்கள் பெரும்பாலும் கொலை என்றே எழுதிவந்தார்கள். கதைசொல்லியோ அவள் எருமையை நோக்கிச் சுட்டாள் என்று நேராகவே சொல்கிறான். கொலை என்று சாடையாகக் குத்திக்காட்டுகிறவன் வில்சன். வாசகர்கள் கதைசொல்லியை விட்டுவிட்டு வில்சனை நம்பினார்கள். அவன் கதையின் வீரன், அளந்து பேசுகிறவன் என்பதால் இருக்கலாம்.

ஆனால் வில்சனுக்கும் ஒரு சிக்கல் உண்டு. எருமைகளைக் காரில் விரட்டிப் போனது சட்டவிரோதம். நைரோபிக்குச் செய்தி போனால் உரிமம் போய்விடும் என்று அவனே ஒப்புக்கொள்கிறான். மார்கோ அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். காலையில் அவள் கையில் அவன் பிடி இருந்தது. குண்டு பாய்ந்த பிறகு அவன் கையில் அவள் பிடி. இதைக் கவனித்த பிறகு அவனுடைய குத்தல் பேச்சை சாட்சியமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. வாரன் பெக் என்ற விமர்சகர் 1955-இல் மார்கோவுக்காக வாதாடி ஒரு கட்டுரை எழுதினார். அதன்பிறகு வழக்கு இன்றுவரை நடக்கிறது.

1959-இல் எழுதி, தன் சாவுக்குப் பிறகு வெளியான சிறுகதைக் கலை பற்றிய கட்டுரையில் ஹெமிங்வே இதைத் தொடுகிறார். வேண்டுமென்று சுட்டாளா என்பது தனக்கும் தெரியாது என்கிறார். யோசித்தால் கண்டுபிடித்துவிடலாம், தானே உண்டாக்கியதுதானே, ஆனால் எங்கே நிறுத்துவது என்று தெரிந்திருக்க வேண்டும் என்ற பொருளில் எழுதுகிறார். ஹெமிங்வே தன்னைப் பற்றிச் சொன்ன எதையும் கொஞ்சம் தள்ளி வைத்துத்தான் கேட்க வேண்டும். இதை மட்டும் நம்பலாம் என்று தோன்றுகிறது. விசையை அழுத்திய அந்தக் கணத்தில் தன் மனசில் என்ன இருந்தது என்று மார்கோவுக்கே தெரிந்திருக்குமா?

*

பல பொருள் கொள்ள இடமுண்டு என்றால் எந்தப் பொருளும் கொள்ளலாம் என்று ஆகிவிடாது. இதை ஃப்ளானரி ஓகானரைப் போலக் காரமாகச் சொன்னவர் குறைவு.

1953-இல் வெளியான 'எ குட் மேன் இஸ் ஹார்ட் டு ஃபைண்ட்' கதையில் ஒரு குடும்பம் காரில் உல்லாசப் பயணம் போகிறது. பாட்டியின் பிடிவாதத்தால் மண்சாலையில் திரும்பிக் கார் கவிழ்கிறது. சிறையிலிருந்து தப்பிய மிஸ்ஃபிட் என்பவனும் கூட்டாளிகளும் வந்து எல்லோரையும் கொல்கிறார்கள். கடைசிக் கணத்தில் பாட்டி அவனைத் தன் பிள்ளை என்று சொல்லிக் கை நீட்டித் தோளைத் தொடுகிறாள். பாம்பு கடித்தவன்போலத் துள்ளிப் பின்வாங்கி மூன்று முறை சுடுகிறான்.

1961-இல் ஓர் ஆங்கிலப் பேராசிரியர் ஓகானருக்குக் கடிதம் எழுதினார். மூன்று ஆசிரியர்களும் 90 மாணவர்களும் கூடி விவாதித்து ஒரு முடிவுக்கு வந்திருந்தார்கள். மிஸ்ஃபிட் வருவது நிஜமல்ல, பாட்டியின் மகன் பெய்லியின் கற்பனை. அந்த விபத்திலிருந்து எங்கே நிஜம் முடிந்து கனவு தொடங்குகிறது என்பதுதான் அவர்களுக்குப் பிடிபடவில்லை. ஓகானர் அதிர்ந்து போய்ப் பதில் போட்டார். தன் நோக்கத்துக்கு இதைவிடத் தூரமான விளக்கம் இருக்க முடியாது என்றார். வெளிப்படையாகத் தெரியாத எந்த விடையும் செல்லும் என்ற ஆராய்ச்சிப் பிரச்சினையாகக் கதையை நடத்தினால், மாணவர்கள் புனைவை ரசிக்கவே கற்க மாட்டார்கள் என்றும் சொன்னார். இன்று அந்தக் கடிதம் அவருடைய கடிதத் தொகுப்பில் இருக்கிறது.

அந்தத் தொண்ணூறு பேர் கனவு என்று ஏன் சொன்னார்கள் என்று யோசித்துப் பார்க்கிறேன். பாட்டி தவிர, கைக்குழந்தை உட்பட ஒரு குடும்பம் முழுதும் காட்டுக்குள் அழைத்துப் போகப்பட்டுச் சுடப்படுகிறது. அந்தச் சாவுகள் கண்ணில் படுவதில்லை. வெடிச்சத்தம் மட்டும் காதில் விழுகிறது. அதைத் தாங்க முடியாமல்தான் கனவாக்கிவிட்டார்களோ? அப்படியானால் அது விளக்கமாக வரவில்லை, தப்பித்துக்கொள்ளும் வழியாக வந்தது.

இந்தக் கதையில் பிணங்களைப் பார்க்காதீர்கள், பாட்டியின் ஆன்மாவில் அருள் செயல்படுவதைப் பாருங்கள் என்று ஓகானர் ஒரு கூட்டத்தில் வாசகர்களைக் கேட்டுக்கொண்டார். அவர் தீவிரக் கத்தோலிக்கர். தந்தையைக் கொண்டுபோன லூபஸ் நோய் அவரையும் 39 வயதில், 1964-இல், கொண்டுபோனது. சாவு எதிரே நிற்கும்போது மட்டும் மனிதன் மெய்யாகிறான் என்று அவர் நம்பியதில் எனக்கு வியப்பில்லை. ஆனால் அந்தக் குழந்தைகளின் பிணங்களைப் பார்க்காமல் பாட்டியின் ஆன்மாவை மட்டும் பார் என்றால் என்னால் ஆகவில்லை. கதையை அவர்தான் எழுதினார். வெடிச்சத்தத்தையும் அவர்தான் எழுதினார். அருளை நம்பாத வாசகனுக்கும் அந்தக் கை நீட்டல் பாசமா, தந்திரமா, பயத்தில் கலங்கிய புத்தியா என்று நெஞ்சில் குடைகிறது. அந்தக் குடைச்சலுக்குக் கதையில் இடம் இருக்கிறது. கனவுக்கு இல்லை.

*

ஜாய்ஸ் கரோல் ஓட்ஸின் 'வேர் ஆர் யூ கோயிங், வேர் ஹேவ் யூ பீன்?' 1966-ஆம் ஆண்டுக் கதை. பதினைந்து வயது கோனியின் வீட்டு வாசலில் அர்னால்ட் ஃப்ரெண்ட் என்பவன் வந்து நிற்கிறான். இருவருக்கும் நடுவே ஒரு வலைக்கதவு. அவன் உள்ளே வரவில்லை. பேசியே அவளை வெளியே வரவழைக்கிறான். கதையில் கொலை இல்லை, ரத்தம் இல்லை. அரிசோனாவின் டூசான் நகரில் இளம்பெண்களைக் கொன்ற சார்ல்ஸ் ஷ்மிட் பற்றி லைஃப் இதழில் வந்த செய்தி இதற்கு விதை. உயரமாகத் தெரிய பூட்ஸுக்குள் எதையோ திணித்துக்கொண்டு நடந்தவன் அவன். ஃப்ரெண்டும் அப்படித்தான் தள்ளாடுகிறான்.

1985-இல் வந்த திரைப்படம் கோனியை உயிரோடு வீட்டுக்குத் திருப்பி அனுப்புகிறது. கதை அவளை வெயிலுக்குள் அனுப்பிவிட்டு நின்றுவிடுகிறது. பதினைந்து வயதுப் பெண்ணுக்கு அந்த வெயிலுக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று தெரியாது. கதை அவள் அறிந்த அளவில் நிற்கிறது. அது நியாயமாகப் படுகிறது.

*

ரேமண்ட் கார்வர் விஷயம் வேறு. அங்கே புதிரை வைத்தது வேறொரு கை.

'சோ மச் வாட்டர் சோ க்ளோஸ் டு ஹோம்' கதையில் நான்கு ஆண்கள் மலைக்குள் மீன்பிடிக்கப் போகிறார்கள். ஆற்றில் ஓர் இளம்பெண்ணின் சடலம். நடந்து களைத்து வந்தோமே என்று திரும்பாமல், சடலம் அடித்துப் போகாதபடி மணிக்கட்டில் கயிறு கட்டிவிட்டு, அதே இடத்தில் தங்கி மீன் பிடித்துக் குடித்துச் சீட்டாடி, திரும்பும் வழியில்தான் போலீசுக்குச் சொல்கிறார்கள். அவர்களில் ஒருவனின் மனைவி கிளேர் இதைச் சொல்கிறாள். கொன்றவர்கள் இவர்கள் இல்லை. ஆனால் கிளேரால் இனி கணவனின் கை தன்மேல் படுவதைப் பொறுக்க முடியவில்லை.

கதை முதலில் நீண்ட வடிவத்தில் வந்தது. 1981 தொகுப்புக்காகப் பதிப்பாசிரியர் கார்டன் லிஷ் அதை வெட்டினார். அந்தத் தொகுப்பில் பாதிக்கு மேல் வெட்டுப்பட்டது. வெளியிட வேண்டாம், நிறுத்துங்கள் என்று கார்வர் 1980 ஜூலையில் கெஞ்சிக் கடிதம் எழுதியும் புத்தகம் வெளிவந்தது. அதன் சுருக்கமும் மௌனமும் உலகப் புகழ் பெற்றன. சுருங்கிய வடிவத்தின் முடிவில் கணவன் நெருங்க, கிளேர் தானே பொத்தானை அவிழ்க்கிறாள், சீக்கிரம் என்கிறாள். எதனால்? பயமா, மரத்துப்போனதா? வகுப்பறைகளுக்கு நல்ல தீனி. நீண்ட வடிவத்தில் அவள் மறுக்கிறாள். இறந்த பெண் சிறுமி என்பதைக் கணவனிடம் சொல்கிறாள்.

1988-இல் கார்வர் தன் தேர்ந்தெடுத்த கதைத் தொகுப்பில் நீண்ட வடிவத்தைத்தான் சேர்த்தார். எனக்கும் அதுவே பிடிக்கும். தன் மனசு தெளிவாகத் தெரிந்த ஒரு பெண்ணை, வெட்டி வெட்டிப் புதிராக்கியிருக்கிறார்கள். சொல்லாமல் விட்டதெல்லாம் ஆழம் என்று மயங்கும் நம் சிறுகதை ஆர்வலர்கள் இரண்டு வடிவத்தையும் பக்கத்தில் வைத்துப் படித்துப் பார்க்கலாம்.

*

கார்மக் மெக்கார்த்தியின் 'பிளட் மெரிடியன்' (1985) எதையும் மறைக்காத நாவல். 1849-50-இல் அமெரிக்க–மெக்சிகோ எல்லையில் தலைத்தோல் வேட்டையாடிய கிளான்டன் கும்பல் வரலாற்றில் இருந்தது. அப்பாச்சிகளின் தலைத்தோலுக்குச் சிவாவா மாநில அரசு பணம் கொடுத்தது. எந்தத் தலைத்தோல் யாருடையது என்று பார்த்தா சொல்ல முடியும்? சாதுவான கிராமத்தாரும் வெட்டப்பட்டார்கள். நாவல் இவ்வளவையும், எரிந்த கிராமங்களையும் குழந்தைகளின் உடல்களையும், பைபிள் நடையில் நின்று நிதானமாகக் காட்டுகிறது. இலக்கிய விமர்சகர் ஹெரால்ட் ப்ளூம் முதல் இரண்டு முறை படிக்க முயன்று, ரத்தத்தைத் தாங்க முடியாமல் புத்தகத்தை வைத்துவிட்டதாகச் சொல்லியிருக்கிறார். பிறகு அவர்தான் அதைத் தலையில் வைத்துக் கொண்டாடியவர்.

அப்படிப்பட்ட நாவல் கடைசியில் கண்ணை மூடிக்கொள்கிறது. 1878, டெக்சாஸின் ஃபோர்ட் கிரிஃபின். பழைய கும்பலில் சிறுவனாக இருந்தவன் இப்போது நடுத்தர வயது ஆள். ஜட்ஜ் ஹோல்டன் என்ற ரோமமற்ற ராட்சத மனிதன் கழிப்பறைக்குள் அம்மணமாகக் காத்திருந்து அவனை வாரி அணைக்கிறான். கதவு சாத்தப்படுகிறது. பின்னால் வரும் ஆட்கள் கதவைத் திறந்து பார்த்துத் திகைத்துப் பின்வாங்குகிறார்கள். உள்ளே என்ன இருந்தது என்று சொல்லப்படவே இல்லை. கொலை என்கிறார்கள், பாலியல் வன்முறை என்கிறார்கள். அன்றிரவு காணாமல்போன சிறுமியோடு அதை முடிச்சுப் போடுகிறவர்களும் உண்டு.

முந்நூறு பக்கத்துக்கு மேல் எல்லாவற்றையும் பார்த்த கண் இது. இன்னொன்றைக் காட்டினால் அதையும் பார்த்துவிட்டு நகர்ந்திருக்கும். காட்டாததால்தான் முதல்முறையாகப் பயம் வருகிறது. அதற்கு முன்னால் காட்டியபோதெல்லாம் எனக்கு ஏன் இவ்வளவு வரவில்லை என்ற கேள்வியும் கூடவே வருகிறது. உள்ளே நடந்தது என்ன என்பதைவிட அந்தக் கேள்வி சங்கடமானது.

இருபது ஆண்டு கழித்து, 'நோ கன்ட்ரி ஃபார் ஓல்ட் மென்' நாவலில் (2005) மெக்கார்த்தியே வேறு விதமாகச் செய்கிறார். பாலைவனத்தில் கிடைத்த 24 லட்சம் டாலரோடு ஓடும் மாஸ்தான் கதாநாயகன் என்று நினைத்துப் பின்தொடர்கிறோம். அவன் சாவு நம் கண்முன் நடப்பதில்லை. எல்லாம் முடிந்த பிறகு கிழட்டு ஷெரிஃப் பெல் வந்து சேர்கிறார். அவரோடுதான் நாமும் வந்து சேர்கிறோம். கோபப்பட்ட வாசகர்கள் பலர். ஆனால் பெல்லின் வாழ்க்கையே தாமதமாக வந்து சேர்ந்ததுதான். இரண்டாம் உலகப் போரில் தன் ஆட்களை விட்டுவிட்டு உயிர் தப்பி, அதற்குப் பதக்கமும் வாங்கியவர். சொந்த ஊரில் நடக்கும் கொலைகளைப் பொறுத்தவரை அவர் வாசகரைவிட அதிகம் தெரிந்தவர் இல்லை.

அதே நாவலில் கொலையாளி சிகர், மாஸின் மனைவி கார்லா ஜீனிடம் நாணயம் சுண்டிக் கேட்கிறான். நாவலில் அவள் தலை என்கிறாள், பூ விழுகிறது, சுடுகிறான். 2007 படத்தில் கோயன் சகோதரர்கள் அவளைப் பதில் சொல்ல விடவில்லை. முடிவு நாணயத்தினுடையது இல்லை, உன்னுடையது என்று அவள் சொல்லிவிடுகிறாள். கொலையும் காட்டப்படுவதில்லை, வாசலில் சிகர் தன் பூட்ஸின் அடியைப் பார்ப்பது மட்டும் காட்டப்படுகிறது. என்ன நடந்திருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். தெளிவின்மைபோலத் தோன்றினாலும் அதில் ஐயத்துக்கு இடமே இல்லை.

*

டோனி மாரிசனின் 'பிலவட்' (1987) நாவலில் யார் கொன்றது, எப்படி, ஏன் என்ற மூன்றுக்கும் விடை இருக்கிறது. அடிமைத்தனத்திலிருந்து தப்பி வந்த சேத்தி, பிடிக்க வந்தவர்களைக் கண்டதும் தன் குழந்தைகளைக் கொட்டகைக்குள் தூக்கிப் போய், தவழும் வயதுப் பெண்குழந்தையின் கழுத்தை அறுக்கிறாள். மற்றவர்களைக் கொல்வதற்குள் தடுக்கப்படுகிறாள். விடை இல்லாதது தீர்ப்புக்கு மட்டும்.

வரலாற்றில் இதற்கு மூலம் மார்கரெட் கார்னர். 1856 ஜனவரியில் கென்டக்கியிலிருந்து உறைந்திருந்த ஒஹையோ ஆற்றைக் கடந்து குடும்பத்தோடு சின்சினாட்டி வந்தவள். பிடிபட்டபோது இரண்டு வயது மகளைக் கொன்றாள். நீதிமன்றத்தில் நடந்ததுதான் விசித்திரம். அவள்மேல் இரக்கம் கொண்டவர்கள் அவளைக் கொலைக் குற்றத்துக்கு விசாரிக்க வேண்டும் என்று வாதாடினார்கள். கொலை வழக்கு என்றால் அவள் மனுஷி, தன் செயலுக்குப் பொறுப்பானவள். இல்லையென்றால் தப்பியோடிய சொத்து. 1850-ஆம் ஆண்டுச் சட்டப்படி அவள் சொத்து என்றே உடைமையாளரிடம் திருப்பி அனுப்பப்பட்டாள். 1858-இல் டைஃபாய்டில் செத்தாள். தான் பதிப்பாசிரியராக இருந்து 1974-இல் கொண்டுவந்த 'தி பிளாக் புக்' தொகுப்பு வேலையின்போதுதான் மாரிசன் இந்தச் செய்தியைக் கண்டார்.

மாரிசன் அந்தக் கொட்டகைக் காட்சியை முதலில் காட்டுவது பிடிக்க வந்தவர்களின் கண் வழியாக. சரக்கு சேதமாகிவிட்டதே என்ற அவர்களுடைய கணக்கில்தான் நாம் அந்த ரத்தத்தைப் பார்க்கிறோம். அதற்குமுன் நூறு பக்கங்களுக்கு மேல் நாவல் அந்த நிகழ்ச்சியைச் சுற்றிச் சுற்றி வருகிறது, கிட்டே போகவில்லை. பிறகு சேத்தி சொல்லும்போதும் அறைக்குள் சுற்றி நடந்துகொண்டேதான் சொல்கிறாள். மாமியார் பேபி சக்ஸ் ஊருக்கே உபதேசம் செய்தவர். அவராலும் மருமகள் செய்தது சரி என்றோ தப்பு என்றோ சொல்ல முடியவில்லை. படுக்கையில் விழுந்து நிறங்களைப் பற்றி யோசித்தபடி சாகிறார். சேத்தியோடு வாழ வந்த பால் டி தீர்ப்புச் சொல்கிறான். சொன்ன கையோடு வீட்டைவிட்டுப் போகிறான். திரும்பி வரும்போது தீர்ப்பைக் கொண்டுவரவில்லை.

பதினெட்டு ஆண்டு கழித்து அந்த வீட்டுக்கு வரும் இளம்பெண் செத்த குழந்தையின் ஆவியா, எங்கோ ஒரு வெள்ளைக்காரன் பூட்டி வைத்திருந்து தப்பி வந்தவளா என்பதையும் மாரிசன் திறந்தே வைத்திருக்கிறார். ஊர்க்காரரான ஸ்டாம்ப் பெய்ட் ஓரிடத்தில் அப்படி ஒரு பெண்ணைப் பற்றிக் கேள்விப்பட்டதாகச் சொல்லிவிட்டுப் போகிறார். கவனிக்காமல் தாண்டிவிடக்கூடிய வரி. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க நான் முயல்வதில்லை. தேர்ந்தெடுத்தாலும் சேத்தியின் கடன் குறையப் போவதில்லை.

*

கடைசியாக டிம் ஓப்ரியனின் 'இன் தி லேக் ஆஃப் தி வூட்ஸ்' (1994). இந்த வரிசையில் எனக்கு முக்கியமான நாவல், சிறந்தது இல்லாவிட்டாலும்.

மின்னசோட்டா அரசியல்வாதி ஜான் வேட் செனட் வேட்பாளர் தேர்வில் படுதோல்வி அடைகிறான். வியட்நாமில் மை லாய் படுகொலையின்போது அவன் அங்கே இருந்தது அம்பலமானதுதான் காரணம். மனைவி கேத்தியோடு கனடா எல்லையோர ஏரிக்கரைக் குடிலுக்கு ஒதுங்குகிறான். ஓர் இரவு கெட்டிலில் கொதிக்கும் தண்ணீரை எடுத்து வீட்டுச் செடிகளின்மேல் ஊற்றுகிறான். விடிந்தால் கேத்தியும் இல்லை, படகும் இல்லை. தொலைந்தாளா, மூழ்கினாளா, விட்டு ஓடினாளா, அவனே கொன்றானா? ஒவ்வொன்றும் கருதுகோள் என்ற தலைப்பில் ஒரு அத்தியாயமாக வருகிறது. விடை வேண்டுமானால் இந்தப் பக்கங்களுக்கு அப்பால் தேடிக்கொள்ளுங்கள் என்று அடிக்குறிப்பில் கதைசொல்லி சொல்லிவிடுகிறான்.

ஆதாரங்கள் என்ற அத்தியாயங்களும் உண்டு. அவற்றில் வேட்டின் தாய் போன்ற கற்பனைப் பாத்திரங்களின் பேச்சுக்குப் பக்கத்திலேயே மை லாய் பற்றிய நிஜமான இராணுவ நீதிமன்றச் சாட்சியங்கள் அடிக்குறிப்போடு வருகின்றன. நிஜமும் புனைவும் ஒரே பக்கத்தில். முதலில் இது என்னை உறுத்தியது. எல்லாமே நிச்சயமில்லை என்ற புகைமூட்டத்துக்குள் அந்தப் படுகொலையும் போய்விடாதா?

போகவில்லை. நாவலில் உண்மையை மங்கலாக்க முயல்கிறவன் வேட் ஒருவன்தான். பட்டாலியன் அலுவலகத்தில் குமாஸ்தா வேலை பார்க்கும்போது படுகொலை செய்த சார்லி கம்பெனியின் பட்டியலிலிருந்து தன் பெயரை எடுத்து வேறு கம்பெனியில் சேர்த்துத் தட்டச்சு செய்துவிடுகிறான். சிறுவயதிலிருந்து மாயவித்தை பழகியவன். அவன் செய்தது அமெரிக்க இராணுவம் செய்ததன் சின்ன வடிவம். 1968 மார்ச் 16-க்குப் பிந்தைய முதல் அறிக்கைகளில் 128 எதிரிகள் கொல்லப்பட்டதாகவும் மூன்று ஆயுதங்கள் கைப்பற்றப்பட்டதாகவும் எழுதியிருந்தார்கள். 128 பேருக்கு மூன்று துப்பாக்கி. அந்தக் கணக்கை உரக்கக் கேட்க ஓராண்டு கழித்து ரான் ரைடனவர் என்ற முன்னாள் சிப்பாயின் கடிதங்கள் வேண்டியிருந்தன. 1969 நவம்பரில் செய்மர் ஹெர்ஷ் எழுதியபோதுதான் நாட்டுக்குத் தெரிந்தது.

ஓப்ரியன் அந்தப் படுகொலைக்கு ஓராண்டு கழித்து அதே குவாங் நாய் மாகாணத்தில் சிப்பாயாக நடந்தவர். போர்க்கதையில் உண்மை என்பதே வழுக்கும் பொருள் என்று 'தி திங்ஸ் தே கேரிட்' (1990) நூலில் விடாமல் எழுதியவரும் அவர்தான். அப்படிப்பட்டவர் இந்த நாவலில் ஒரு கோடு கிழிக்கிறார். கேத்தி என்ற பெண் அவர் உண்டாக்கியவள். அவளை ஏரியில் மூழ்கடிக்கலாம், கனடாவுக்கு அனுப்பலாம், தெரியாது என்று விட்டுவிடலாம். மை லாய் அடங்கிய சோன் மி கிராமத்தார் அவர் உண்டாக்கியவர்கள் இல்லை. அவர்களுக்கு அவர் கருதுகோள் எழுதவில்லை. அங்கே சாட்சியம்தான்.

ஆகவே கேத்தி வேட்டுக்கு என்ன ஆயிற்று என்று எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் வாதாடலாம். மை லாயில் கொல்லப்பட்டவர்கள் அமெரிக்க இராணுவக் கணக்கில் 347 பேர், வியட்நாம் நினைவிடத்தின் கணக்கில் 504 பேர். தண்டனை பெற்றவர் லெஃப்டினன்ட் வில்லியம் காலி ஒருவர்தான். 22 பேரைக் கொன்றதற்காக 1971-இல் ஆயுள் தண்டனை விதித்தார்கள். பெரும்பகுதியை வீட்டுக்காவலில் கழித்துவிட்டு 1974-இல் விடுதலையானார்.